தொனியும் முறையும்: தமிழில் மறுத்தெழுதுதல் பற்றிச் சில குறிப்புகள்

'கொஞ்சம் நாகரிகமாக எழுதுங்கள்' என்கிற வாக்கியத்தை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும், ஏற்கெனவே மேடையில் உட்கார்ந்திருப்பவர் புதிதாக ஏறி வருகிறவரைப் பார்த்துச் சொல்வது அது. ஏறி வருகிறவர் கேட்பது வேறு. 'நான் சொன்னதைத் திரிக்காதீர்கள்', 'என் பதிலையும் போடுங்கள்', 'இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்' என்பார் அவர். இரண்டுமே எழுத்து நாகரிகம் குறித்த கோரிக்கைகள்தாம். முன்னது குரலின் ஏற்ற இறக்கம் பற்றியது. பின்னது வாதம் நடக்க வேண்டிய ஒழுங்கு பற்றியது. முன்னதைத் தொனி என்றும் பின்னதை முறை என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன். (வடமொழி அணியியல்காரர்கள் பேசும் தொனி இதுவல்ல. 'என்ன தொனியில் பேசுகிறாய்?' என்று வீட்டில் கேட்பார்களே, அந்தத் தொனி.)

இந்த வேறுபாட்டுக்கு இன்று என்ன அவசரம்? எழுதுகிறவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே பதிப்பாசிரியர் என்று ஒருவர் இல்லாத நிலை பரவலாகிவிட்டது. எழுதிய கணமே வெளியாகிறது, வெளியான கணமே மறுப்பு வருகிறது. கத்தரிக்க ஆள் இல்லாத இடத்தில் எழுதுகிறவர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கங்கள் மட்டுமே சட்டம். அந்த வழக்கங்கள் எவை என்று கேட்டால் எல்லோரும் தொனியைப் பற்றியே பேசுகிறோம். முறை பற்றிய பேச்சு காணாமல் போய்விட்டது. ஆனால் நமது மரபு முறை பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். அதே மரபு யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே இதைப் பேச முடியும்.

1

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் நன்னூல் பாயிரத்தைத் தேர்வுக்காக உருப்போட்டிருப்போம். அதில் 'எழுவகை மதம்' என்றொரு பகுதி உண்டு. ஐந்து மதிப்பெண் வினா என்பதற்கு மேல் அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இங்கே மதம் என்றால் கொள்கை, நிலைப்பாடு. நூல் செய்கிற ஒருவன் தனக்கு முன் எழுதியவர்களோடு எந்தெந்த வகையில் உறவு கொள்ளலாம் என்பதன் பட்டியல் அது. பிறர் சொன்னதை உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி அதை நிறுவலாம். இருவர் மாறுபட்டு நிற்கிற இடத்தில் ஒரு பக்கத்தைத் துணியலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம். யாரோடும் சேராமல் தன் கருத்தில் நிற்கலாம்.

13ஆம் நூற்றாண்டு இலக்கண நூல் ஒன்று, பிறர் நூலில் குற்றம் காட்டுவதை நூல் செய்வோனின் நியாயமான வேலைகளுள் ஒன்றாக வைக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 'பெரியவர்களைக் குறை சொல்லலாமா' என்கிற கேள்விக்கு இங்கே இடமில்லை. இரண்டாவது, ஏழில் ஒன்றுகூட மென்மையாகச் சொல், பணிவாகச் சொல் என்று கேட்கவில்லை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களையும் பாருங்கள். குறைத்துச் சொல்வது, மிகைப்படச் சொல்வது, முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது, எடுத்துக்கொண்டதை விட்டு மற்றொன்று விரிப்பது, இப்படிப் போகிறது அது. கடுமையாகச் சொல்வது என்று ஒரு குற்றம் அதில் இல்லை.

எனக்கு எதிரான சான்றையும் நானே சொல்லிவிடுகிறேன். தொல்காப்பிய மரபியல் தரும் பத்துக் குற்றப் பட்டியலில், கேட்பவர்க்கு இன்னாததாக அமைவதும் பழிக்கப்பட்ட சொற்களால் இழுக்காகச் சொல்வதும் உண்டு. தொனி பற்றியவை என்று இவற்றைக் கொள்ள இடமிருக்கிறது. பத்தில் இரண்டு. நன்னூல் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை. ஆக, தொனி பற்றிய கவலையே தமிழ் மரபில் கிடையாது என்று நான் சொல்லவில்லை. அது முதலிடத்தில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

உரையாசிரியர்களிடம் வந்தால் இது நடைமுறையாகவே தெரிகிறது. 'என்பாரும் உளர்', 'எனப் பாடம் ஓதுவாரும் உளர்', 'அது பொருந்தாமை அறிக' என்ற வாய்பாடுகளைப் பண்டிதத்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். அவை செய்யும் வேலை என்ன? தான் ஏற்காத ஒரு பாடத்தை, ஏற்காத ஒரு பொருளை, முதலில் வாசகன் கையில் கொடுக்கிறார்கள். பிறகுதான் ஏன் அதை ஏற்கவில்லை என்று சொல்கிறார்கள். சேனாவரையர் 'உரையாசிரியர்' என்று பெயர் சுட்டி இளம்பூரணரை மறுக்கும் இடங்களில் மரியாதையும் தயவில்லாத தர்க்கமும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. மறுக்கப்பட்டவர் பட்டம் இழக்கவில்லை. மறுத்தவரும் கூர்மையை மழுக்கிக்கொள்ளவில்லை.

இதன் உச்சம் நீலகேசி. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் அது. குண்டலகேசி இன்று முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அது என்ன வாதிட்டது என்பதை, அதை மறுத்த நூலின் வழியாகவும் அதற்கு வாமன முனிவர் எழுதிய உரையின் வழியாகவுமே நாம் பெரிதும் அறிகிறோம். எதிரியை ஒழிக்க எழுதியவர்கள் எதிரியின் வாதத்தைப் பாதுகாத்துத் தந்துவிட்டார்கள். நடுநிலையோடு தந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சமயவாதத்தில் நடுநிலை ஏது? ஆனால், மறுக்கிறவன் மறுக்கப்படுவதை எடுத்துச்சொல்லக் கடமைப்பட்டவன் என்ற முறை இருந்தது. அந்த முறை, கடைப்பிடித்தவர்களின் உள்நோக்கத்தைத் தாண்டியும் வேலை செய்திருக்கிறது.

2

அச்சு வந்ததும் நிலைமை மாறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கண்டனப் பிரசுரங்கள் தனி வகை இலக்கியமாகவே ஆய்வு செய்யப்பட வேண்டியவை. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், ஒருவர் போட்டால் மற்றவர் உடனே ஒன்று போடுவார். மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. சுவடியில் எழுதியவனுக்கு வாசகன் தூரத்தில் இருந்தான், காலத்திலும் தூரத்தில் இருந்தான். பிரசுரம் போட்டவனுக்கோ வாசகன் அதே தெருவில், அதே கோயில் மண்டபத்தில் இருந்தான்.

அருட்பா மருட்பாச் சண்டை இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் அச்சேறின. அவற்றுக்குத் 'திருவருட்பா' என்று பெயரிட்டுத் திருமுறைகளாக வகுத்தவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். ஆறுமுக நாவலர் தரப்பின் ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரை, கண்முன் வாழ்கிற ஒருவரின் பாடலுக்கு எப்படிக் கொடுக்கலாம்? 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவர் காலத்துக்குப் பிறகும் அடங்கவில்லை.

இந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிற பலரும் வசவுகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டு 'எவ்வளவு தரம் தாழ்ந்துவிட்டார்கள்' என்று பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று நன்னூல் சொல்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது என நான்கு விலக்குகளும் தருகிறது. ஒருவன் நூலைச் சிறப்பிக்க உரிமையுடையோர் அவன் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்றும் வகுக்கிறது. இதன்படி தொழுவூரார் தன் ஆசிரியரைப் புகழ்ந்ததில் குற்றம் காண முடியாது. ஆனால் பெயர்சூட்டுவது புகழ்வதாகுமா, அல்லது ஒரு நூலைப் புனிதத் தொகுதிக்குள் சேர்ப்பதாகுமா? சேர்க்கிற அதிகாரம் யாருடையது? மெய்யான கேள்வி இது. இரண்டு தரப்பும் இதைக் கொஞ்ச நேரம்தான் பேசின. பிறகு ஆளைப் பேச ஆரம்பித்தார்கள். நன்னூல் பாஷையில் சொன்னால் மற்றொன்று விரித்தல். வசவு அந்தச் சண்டையின் நோய் அல்ல. கேள்வி கைநழுவியதன் அடையாளம் அது.

3

சிற்றிதழ்களுக்கு வருகிறேன். 1933இல் தொடங்கிய மணிக்கொடியிலிருந்து 1959இல் வந்த 'எழுத்து', 1970இல் வந்த 'கசடதபற' வழியாக 1990களின் இதழ்கள் வரை எழுதப்படாத சில வழக்கங்கள் இருந்துவருகின்றன. எழுதியவருக்குச் சன்மானம் கிடையாது, இதழ்ப் பிரதி உண்டு. ஓர் இதழ் இன்னோர் இதழுக்கு மாற்றுப்பிரதி அனுப்பும். வேறிடத்தில் வந்ததை எடுத்துப் போட்டால் அடியில் 'நன்றி' என்று ஒரு வரி இருக்கும். ஒரு கட்டுரையை எதிர்த்து வந்த கடிதத்தை அடுத்த இதழில் போடுவார்கள்.

மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றுமே கட்டாயங்கள் என்றார். காசு புழங்காத இடத்தில் உறவுகளைக் கட்டி நிறுத்துவது இந்தக் கட்டாயங்கள்தாம். நம்ம ஊர் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு மோஸ் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. சிற்றிதழ்ப் பொருளாதாரமும் மொய்ப் பொருளாதாரம்தான். நீ என் தொகுப்புக்கு மதிப்புரை எழுது, நான் உன் தொகுப்புக்கு முன்னுரை தருகிறேன். இதில் கேவலம் ஒன்றுமில்லை, காசில்லாத இடத்தில் அது இயல்பு. ஆனால் மொய்க்கு ஒரு விதி உண்டு. நோட்டில் எழுத வேண்டும், யார் எவ்வளவு செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். சிற்றிதழ் மொய்யில் அந்த நோட்டைத்தான் காணோம். மதிப்புரை எழுதுகிறவர் அந்த நூலாசிரியரின் நண்பரா, அதே பதிப்பகத்தில் நூல் வெளியிட்டவரா என்பதை வாசகர் வம்பு வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஓர் இதழில் வந்த கட்டுரைக்குப் பத்துப் பக்கத்தில் மறுப்பு எழுதி அனுப்பினேன். கடிதப் பகுதியில் எட்டு வரியாக வந்தது. வெட்டியதுகூடப் பெரிதில்லை, இதழுக்குப் பக்கம் முக்கியம். ஆனால் நான் காட்டியிருந்த மேற்கோள்கள், பக்க எண்கள், ஒப்பீடு எல்லாம் போய், கோபத்தில் எழுதிய இரண்டு வாக்கியங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. கீழே ஆசிரியர் குறிப்பு: விவாதங்கள் நாகரிகமாக நடக்க வேண்டும் என்று இதழ் விரும்புகிறதாம். அதாவது என் முறையை வெட்டிவிட்டு என் தொனியை அச்சிட்டு, பிறகு தொனிக்காகக் கண்டித்தார்கள். இதை எனக்கு நேர்ந்த அநியாயம் என்று சொல்ல இங்கே எழுதவில்லை. இந்தச் செயல்பாடு எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றைய திரையிலும் அதுவே. 2003க்குப் பின் தமிழில் வலைப்பதிவு எழுத வந்தவர்கள் தாமாகவே சில நல்ல வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். மறுக்கிற எழுத்துக்குச் சுட்டி கொடுப்பது, தவறைத் திருத்தினால் பழையதை அழிக்காமல் குறுக்குக் கோடிட்டு விட்டுவைப்பது, எதிர்த்து வரும் பின்னூட்டத்தை நீக்காமல் அதற்கே பதில் எழுதுவது போன்றவை. எல்லோரும் கடைப்பிடித்தார்கள் என்றில்லை. மீறும்போது 'இது முறையில்லை' என்று நாலு பேர் கேட்கும் அளவுக்கு அவை வழக்கமாயிருந்தன. உரையாசிரியர்களின் 'என்பாரும் உளர்' என்பதற்கும் இந்தச் சுட்டிக்கும் உறவு உண்டு. இரண்டுமே, 'நான் சொல்வதை நம்பாதே, போய்ப் பார்' என்கின்றன. பிறகு வந்த வேகமான ஊடகங்களில் ஒரு வரியை மட்டும் படம் பிடித்துப் போட்டுச் சிரிப்பது சுலபமாகிவிட்டது. முன்னும் பின்னும் இல்லாத வரி. வாசகன் போய்ப் பார்க்க வழியில்லை. அதைப் போடுகிறவர் எவ்வளவு பணிவான வார்த்தையில் போட்டாலும் முறைகேடு முறைகேடுதான்.

4

இதுவரை மரபைக் கொஞ்சம் பாராட்டியே எழுதியிருக்கிறேன். இனி அதன் வாசல்படிக்குப் போக வேண்டும்.

மறுப்புக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் அதே நன்னூல், நல்லாசிரியனின் இலக்கணத்தைச் சொல்லும்போது எடுத்த எடுப்பில் வைக்கும் தகுதி குலன். அருளும் கல்வியும் சொல்வன்மையும் அதற்குப் பிறகே வருகின்றன. அவைக்குள் வந்துவிட்டவனுக்கு மறுக்கும் உரிமை உண்டு. அவைக்குள் யார் வரலாம் என்பது பிறப்போடு முடிந்துவிட்ட விஷயம். முறை இருந்தது, ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு.

ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய நூலில், ஐரோப்பியக் காப்பிக்கடைகளில் அந்தஸ்தைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர்கள் விவாதித்ததாகவும் அதிலிருந்து பொதுவெளி பிறந்ததாகவும் சொன்னார். நான்சி ஃபிரேசர் 1990இல் இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். அந்தஸ்து இல்லாத மாதிரி நடந்துகொள்வதால் அந்தஸ்து இல்லாமல் போய்விடாது, எது நாகரிகமான பேச்சு என்ற வரையறைக்குள்ளேயே அது ஒளிந்து வேலை செய்யும் என்றார். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென எதிர்வெளிகளை அமைத்துக்கொள்வதையும் சுட்டிக்காட்டினார்.

தமிழில் இதைப் புரிந்துகொள்ள அயோத்திதாசப் பண்டிதரிடம் போக வேண்டும். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வார இதழ் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் இறக்கும்வரை நடத்தினார். இலக்கியம், சமயம், வரலாறு, சாதி என்று எல்லாவற்றிலும் அன்றைய அறிஞர் உலகத்தை நேருக்கு நேர் மறுத்தார். கேள்வி பதில் போட்டார், சான்று காட்டினார். ஏழு வகை மதத்தில் அவர் செய்யாத வகை இல்லை. அந்த அறிஞர் உலகம் பின்னால் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறுகளில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். பல பத்தாண்டுகளுக்கு அவர் இல்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகுதான் பரந்த வாசகத் தளத்துக்கு அவர் கிடைத்தார்.

அந்த வரலாறுகள் அவரை வைது எழுதவில்லை, தொனியில் ஒரு குறையும் காண முடியாது. பேசாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். குண்டலகேசிக்குக் கிடைத்த நீலகேசிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. மறுக்கப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்றாகிறது. மௌனம்தான் ஆகப் பெரிய முறைகேடு, அதுவே ஆக நாகரிகமான தொனியும்கூட.

மௌனத்தால் சமாளிக்க முடியாதபோது தொனி பற்றிய புகார் வரும். குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002இல் வந்தது. அடுத்த ஆண்டு, பெண் கவிஞர்கள் உடலை எழுதுவது ஆபாசம் என்ற கண்டனம் பெரிதாகக் கிளம்பியது. நூற்றாண்டுகளாக ஆண் புலவர்கள் எழுதிய சொல் அது. அதைச் சொல்லும் தன்னிலை மாறியதும் சொல் அநாகரிகமாகிவிட்டது. கவிதை என்ன சொல்கிறது, எங்கே தோற்கிறது என்று யாராவது வரி வரியாக எடுத்துக்காட்டி மறுத்திருந்தால் அது விமர்சனம். கண்டித்தவர்கள் பலரும் தலைப்பைத் தாண்டவே இல்லை.

5

அப்படியானால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் முறையையும் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? தலித் இலக்கிய விவாதங்களின் போது இப்படி ஒரு குரல் எழுந்ததுண்டு. முறை என்பதே மேல்சாதிக்காரனின் கண்டுபிடிப்பு, கோபம் மட்டுமே நேர்மையானது என்று. இந்தக் குரலின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஏற்க முடியவில்லை. காரணம் அம்பேத்கர்.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்கு அம்பேத்கரைத் தலைமை தாங்க அழைத்தது. உரையின் அச்சுப்படியைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. தன் செலவில் உரையை 1,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்தை முன்னுரையாகச் சேர்த்தார். அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் வார்த்தையிலேயே வாசகர் படிக்கலாம். அதே ஆண்டு ஜூலையில் காந்தி 'ஹரிஜன்' இதழில் அந்த உரையை விமர்சித்தார். 1937இல் அம்பேத்கர் இரண்டாம் பதிப்புக் கொண்டுவந்தபோது காந்தியின் விமர்சனத்தைப் பின்னிணைப்பாகப் போட்டு, அதன்பின் தன் பதிலைப் போட்டார்.

அந்தப் பதிலில் பணிவு இல்லை. தொனிக்காரர்கள் இன்றைக்கும் முகம் சுளிக்கக்கூடிய வாக்கியங்கள் அதில் உள்ளன. முறையில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. தேசமே மகாத்மா என்று அழைத்த ஒருவரை எதிர்த்து எழுதும்போது, அவர் வாதத்தைச் சுருக்கவில்லை, தன் சொல்லில் மாற்றிச் சொல்லவில்லை. முழுசாகக் கொடுத்தார். உள்ளே விடாத அவை ஒன்றின் எதிரில், அந்த அவையே கைவிட்ட முறையைக் கையில் எடுத்தார். மண்டல் கேட்டதோ 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்பது.

முறையால் பலன் பெறுகிறவர் யார் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. பெயர், இதழ், பல்கலைக்கழகப் பதவி எல்லாம் உள்ளவருக்கு முறை தேவைப்படாது, அவர் சும்மா சொன்னாலே நம்புவார்கள். ஒன்றுமில்லாதவருக்குச் சான்றுதான் துணை. எதிராளி சொன்னதை அப்படியே எடுத்து வைத்து, 'நீங்களே பாருங்கள்' என்று வாசகரைக் கூப்பிடுவதுதான் அவரால் முடிகிற காரியம். தொனி என்கிற அளவுகோல் பலமுள்ளவருக்கு உதவுகிறது, முறை பலமில்லாதவருக்கு உதவுகிறது.

எனவே, எழுத்துக்காரர்களுக்கு நடுவே பொதுவாக ஏதாவது ஒழுங்கு வேண்டுமென்றால் நான் இவ்வளவுதான் கேட்பேன். மறுப்பதற்கு முன், மறுக்கப்படுகிறவர் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை எடுத்துச் சொல்லுங்கள். எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை வாசகருக்குத் தெரியப்படுத்துங்கள். திருத்தினால், திருத்தியது தெரியும்படி திருத்துங்கள். பதில் வந்தால் அதற்கு இடம் கொடுங்கள். வெட்ட வேண்டியிருந்தால் வசவை வெட்டுங்கள், சான்றை வெட்டாதீர்கள். பேர் தெரியாத ஒருவர் சரியான கேள்வி கேட்டால், பேர் தெரிந்தவருக்குச் சொல்லும் பதிலையே அவருக்கும் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு ஒருவர் கோபமாக எழுதினால் எழுதட்டும். நமக்கு ஒன்றும் ஆகிவிடாது.